அம்மா சிறு விவசாயி ஆன கதை

என்னை ஜவ்வாது மலைக்கு அனுப்பியது ஒரு மூன்று சுழி ணகரம்.

எழுபதுகளின் கடைசி. அடிவாரத்து ஊர் ஒன்றில் விவசாய வளர்ச்சி அலுவலகத்தில் கிராம சேவக்காக இருந்தேன். வயது இருபத்தாறு. படித்த புத்தகங்களின் கனம் இன்னும் தலையை விட்டு இறங்காத வயது. அறிவிப்புப் பலகையில் எங்கள் மேலதிகாரி தம் கைப்பட ஒரு வரி எழுதிவைத்திருந்தார்: 'சிறு விவசாயிகளுக்கு உழவுமாடு வாங்க மாணியம்.' நான் போய் ஒரு சுழியைத் துடைத்தேன். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். "மாணின்னா பிரம்மச்சாரி சார். மூணடி கேட்டு மூணு உலகத்தையும் அளந்தாரே, அவர் மாணி. நாம குடுக்கறது மானியம், ரெண்டு சுழி" என்று குமாஸ்தாக்கள் முன்னால் விளக்கமும் சொன்னேன். குமாஸ்தாக்கள் சிரித்தார்கள். மேலதிகாரியும் சிரித்தார். பதினைந்து நாளில் மாற்றல் உத்தரவு வந்தது. 'நிர்வாக நலன் கருதி' என்று போட்டிருந்தது. அதில் எழுத்துப்பிழை எதுவும் இல்லை.

உத்தரவைக் கையில் கொடுக்கும்போது அவர் சொன்னார்: "உங்க வட்டத்துக்கு இந்த வருஷம் அஞ்சு ஜோடி மாடு. பங்குனிக்குள்ள அஞ்சையும் முடிச்சீங்கன்னா கீழே எறக்கிடறேன்." முடிக்காவிட்டால் என்ன என்று அவர் சொல்லவில்லை. மலையைப் பார்த்தபோது எனக்கே தெரிந்துவிட்டது.

திட்டம் எளிமையானது. ஐந்து ஏக்கருக்குள் நிலம் உள்ளவர் சிறு விவசாயி. அவர் ஒரு ஜோடி உழவுமாடு வாங்கினால் பாதி விலையை அரசாங்கம் கொடுக்கும்; மீதிப் பாதி வங்கிக் கடன். அவர் சிறு விவசாயிதான் என்று நேரில் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டியவன் நான்.

தங்குவதற்கு விதைக் கிடங்கின் முன்பாதியைக் கொடுத்தார்கள். பின்பாதியில் சாமை விதையும் காமாக்சின் பூச்சி மருந்தும் இருந்தன. ஒரு வாரத்தில் என் சட்டை, சோறு, புத்தகம் எல்லாவற்றிலும் அந்த வாசனை ஏறிவிட்டது. கொசுகூட என்னைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு மரியாதையாகத் திரும்பிப் போகும். போளூரிலிருந்து ஒரு பஸ் காலையில் மேலே வரும். வந்த கையோடு கீழே போகும். நான் ஊர்களுக்கு நடந்து போய்விட்டுத் திரும்புவதற்குள் அது போயிருக்கும். மழை பெய்தால் பாதை பெயர்ந்துவிடும், பஸ்ஸே வராது. சம்பளத்தோடு கூடிய வனவாசம் என்று நண்பனுக்கு எழுதினேன். அந்தக் கடிதத்தைப் போடுவதற்கும் பஸ்தான் வர வேண்டியிருந்தது.

முதல் கூட்டத்தை ஒரு புளியமரத்தடியில் போட்டேன். ஊர்க்கவுண்டர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். மற்றவர்கள் தரையில். நான் தொண்டையைச் சரிசெய்துகொண்டு, "அரசாங்கம் உங்களுக்கெல்லாம் மானியம் குடுக்கப் போவுது" என்றேன். கைதட்டலை எதிர்பார்க்கவில்லை. எழுந்து போவார்கள் என்றும் எதிர்பார்க்கவில்லை. பின்னால் இருந்த இரண்டு பேர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடையைக் கட்டினார்கள்.

"இன்னா மானியம்?" என்றார் கவுண்டர்.

"உழவுமாட்டுக்கு மானியம்."

"அதுக்கு நாங்க இன்னா செய்யணும்?"

"ஒண்ணும் செய்ய வேணாம்."

"சொம்மாவா?"

"சும்மாதான்."

அவர் வெற்றிலைச் சாறை ஓரமாகத் துப்பிவிட்டு வந்தார். "சொம்மா குடுக்கறதுக்குப் பேரு மானியம் இல்லீங்க, சேவக்கு சார்."

அவர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. அந்த ஊர்களில் மானியம் என்பது ஒரு துண்டு நிலம். ஊர் அதை ஒரு வீட்டுக்கு விட்டுவிடும். அந்த நிலத்தைப் பயிர் செய்கிற வீடுதான் ஊரில் சாவு விழுந்தால் மற்ற ஊர்களுக்குப் போய்ச் சொல்ல வேண்டும். மழையோ வெயிலோ, வயலில் கதிர் சாய்ந்து கிடந்தாலும் போக வேண்டும். போன ஊரில் வாசலுக்கு வெளியே நின்று சொல்ல வேண்டும். சொல்லி முடிக்கிறவரை ஒரு வாய் தண்ணீர் குடிக்கக் கூடாது. அந்த வீட்டுக்கு மானியக்காரன் வீடு என்று பெயர். யாரும் இழிவாகப் பார்ப்பதில்லை. ஆனால் ஒருமுறை அந்த நிலத்தில் வைத்த காலை எடுக்க முடியாது. அப்பனுக்கு அப்புறம் மகன், மகனுக்கு அப்புறம் அவன் மகன்.

நான் வந்து எல்லாருக்கும் மானியம் என்றால் யார் உட்கார்ந்திருப்பார்கள்?

"சர்க்காருல யாரு செத்தா நாங்க போய்ச் சொல்லணும்?" என்றது ஒரு குரல்.

"எங்கே போய்ச் சொல்லணும்? மெட்ராஸுக்கா?"

"மெட்ராஸுன்னா பஸ் சார்ஜு குடுப்பாங்களா, கேளு."

"தண்ணி குடிக்காம மெட்ராஸ் வரிக்கும் எப்டி போறது?"

சிரிப்பு அடங்கட்டும் என்று கவுண்டர் காத்திருந்தார். பிறகு என்னைப் பார்த்து, "நீங்க சேவகம் பண்றீங்களே, உங்களுக்கு எத்தினி காணி மானியம் வுட்டாங்க?" என்றார்.

"எனக்கு நிலமெல்லாம் இல்லைங்க. சம்பளம்."

"அவங்களா கூப்புடற வரிக்கும் இங்கதான் இருப்பீங்களா?"

"ஆமா."

"வேணாம்னு நீங்களா எறங்கிப் போவ முடியாது?"

"முடியாது."

"அதாங்க மானியம்" என்றார்.

நான் தமிழ் படித்தவன். கோயில் மானியம், இனாம் நிலம் எல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்து என்ன? பலகையில் சுழியைத் திருத்தத் தெரிந்தவனுக்கு அந்தச் சொல்லைக் கேட்டு மனிதர்கள் ஏன் எழுந்து போகிறார்கள் என்று தெரியவில்லை.

மறுநாள் காலையில் விதைக் கிடங்கு வாசலில் ஒருவர் வந்து நின்றார். நாற்பத்தைந்து வயதிருக்கும். கூட்டத்தில் பேசாமல் உட்கார்ந்திருந்தவர். முந்தின வருஷத்துக் கார்த்திகை மழையில் அவருடைய மாடு ஒன்று சரிவில் வழுக்கிக் காலை முறித்துக்கொண்டது. அன்றிலிருந்து அவர் ஒற்றை மாட்டுக்காரர். ஊரில் அவரைக் குறிப்பிடுவதே அப்படித்தான். நானும் அப்படியே எழுதுகிறேன். உழுவதற்கு ஒற்றை மாடு பிரயோசனமில்லை. மற்றவர்கள் உழுது முடித்தபின் ஒரு மாட்டை இரவல் வாங்கி ஜோடி சேர்க்க வேண்டும். அதற்குள் மண்ணில் ஈரம் போய்விடும். போன வருஷம் அப்படிப் பிந்தி விதைத்து, சாமை பதராகவே நின்றுவிட்டது.

"இந்த வருசமும் பிந்துச்சின்னா கீழ்நாட்டுக்குக் கரும்பு வெட்டப் போவணும்ங்க. வெட்டப் போனவன் எவனும் காலத்துக்குத் திரும்பி வந்ததில்ல" என்றார். "நீங்க சொன்ன மானியத்தை நான் எடுத்துக்கறேன்."

அவர் மனைவி பத்தடி தள்ளி, ஒரு பலாமரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்குச் சொல்ல வேண்டியதை அந்த மரத்திடம்தான் சொல்வாள். "ஒத்த மாட்டுக்காவ ஊரு ஊரா சாவு சொல்லப் போறேன்னுது இந்த மனுசன். அதுக்குத் தொண்டை வேணும்ல? வூட்டுல நாலு தபா கூப்ட்டாலே பதில் வராது."

"சாவு சொல்ல வேணாம்மா. அது வேற மானியம்" என்றேன்.

மரம் என்னை நம்பவில்லை.

"சொல்லணும்னாலும் சொல்றேன் சார். நடக்கறதுதான? நடக்க எனக்குத் தெரியும்" என்றார் அவர். "மழைக்கு முந்தி மாடு வந்துரும்ல?"

"வந்துரும்" என்றேன்.

அவருடைய நிலம் மூன்று ஏக்கர். சிறு விவசாயிகளில் சிறு விவசாயி. விண்ணப்பத்தை நானே எழுதி, பட்டா எண்ணைக் குறித்துக்கொள்ளக் கணக்கைப் புரட்டினேன். ஊர் முழுவதற்கும் ஒரே ஒரு பட்டா இருந்தது. வெள்ளைக்காரன் காலத்தில் அளந்தபோது முன்னால் நின்ற ஒரு மனிதரின் பெயரில் மொத்த ஊரையும் எழுதிவிட்டுப் போயிருக்கிறார்கள். அந்த மனிதர் செத்து யாருக்கும் நினைவில்லாத அளவுக்கு வருஷங்கள் ஆகியிருந்தன. காகிதப்படி அந்த ஊரில் ஒரே ஒரு விவசாயிதான். எல்லா நிலமும் அவருடையது. அவரும் உயிரோடு இல்லை.

காகிதத்தை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினேன். மேலதிகாரி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"இவர் பெரிய விவசாயி ஆச்சே."

"சார், இவர் செத்து அறுபது எழுபது வருஷம் ஆயிருக்கும்."

"இருக்கட்டும். செத்துட்டா நிலம் கொறைஞ்சிடுமா? பெரிய விவசாயி பெரிய விவசாயிதான்." காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தார். "பாருங்க, உங்க ஊர்ல சிறு விவசாயின்னு ஒருத்தர்கூட இல்ல. சந்தோஷப்பட வேண்டிய விஷயம்."

ஒரு வழி இருந்தது. செத்தவரின் வாரிசுகள் எல்லாரும், 'அவர் இறந்துவிட்டார், இந்த மூன்று ஏக்கரை இவர்தான் அனுபவிக்கிறார்' என்று ரேகை வைத்துக் கொடுக்க வேண்டும். வாரிசுகள் மலையில் பதினொரு ஊர்களில் பரவிக் கிடந்தார்கள்.

ஒற்றை மாட்டுக்காரரிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"அப்ப, அவரு செத்துட்டாருன்னு ஊரு ஊரா போய்ச் சொல்லணும்."

"ஆமா" என்றேன். வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

"சரிங்க. போய்ட்டு வர்றேன்."

அவர் மனைவி அன்று பலாமரத்திடம்கூட எதுவும் சொல்லவில்லை. ஜெயித்தவர்களின் மௌனம் அது.

என் ஸ்டாம்ப் பேடைத் துணியில் முடிந்துகொண்டு புறப்பட்டவர் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை வந்து காகிதத்தைக் காட்டுவார். ஒவ்வொரு தடவையும் மூன்று நான்கு ரேகைகள் கூடியிருக்கும். ஓர் ஊரில், "எப்ப எடுக்கறீங்க?" என்று கேட்டுவிட்டுக் கோடித் துணிக்கு ஆள் அனுப்பப் போனார்களாம். இவர் ஓடிப் போய்த் தடுத்திருக்கிறார். இன்னோர் ஊரில், "சொன்னியா, சரி, போ. சாவுக்கு எவனாச்சும் ரேகை வெப்பானா?" என்று விரட்டிவிட்டார்கள்; மூன்றாம் தடவை போய் வாங்கினார். எல்லா ஊரிலும் வாசலுக்கு வெளியே நின்றே சொன்னதாகவும், சொல்லி முடிக்கிறவரை தண்ணீர் குடிக்கவில்லை என்றும் சொன்னார்.

"எதுக்கு அப்பிடி? இது அந்த மானியம் இல்லைன்னு சொன்னேனே" என்றேன்.

"செய்யறத முறையா செஞ்சிடலாம்னுதாங்க."

அதற்குள் ஊர் அவரை மானியக்காரன் என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டது. ஒரு துணைக்கால் குறைந்து ஒரு சுழி கூடியிருந்தால் மணியக்காரர் ஆகி, நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். எழுத்து விஷயத்தில் அவருக்கும் என்னைப் போலவே ராசி இல்லை.

மாசி முடிந்தபோது ஒரே ஒரு ரேகைதான் பாக்கி. அந்த வாரிசு மைசூர்ப் பக்கம் எங்கோ காப்பித் தோட்டத்துக்குப் போயிருந்தான். எந்தத் தோட்டம் என்று யாருக்கும் தெரியவில்லை.

மலையில் இப்படி ஒருவர் நடந்துகொண்டிருக்க, மற்ற நான்கு ஜோடிகள் தாமாகவே முடிந்துவிட்டன. அதற்குக் காரணம் ஒரு பென்சில். ஐந்து ஜோடியும் மலை ஊர்களுக்கென்று ஒதுக்கியவை; மலை எங்கே முடிகிறது என்று திட்ட வரைபடத்தில் யாரோ பென்சிலால் கோடு போட்டிருந்தார்கள். கோடு கொஞ்சம் சறுக்கி, அடிவாரத்தில் கரும்பும் நெல்லும் விளைகிற சில ஊர்களையும் மலைமேல் ஏற்றிவிட்டது. அவற்றில் ஒன்று என் சொந்த ஊர். அங்கிருந்து விண்ணப்பங்கள் அழகான கையெழுத்தில், எல்லாச் சான்றுகளோடும் வந்தன. நில உச்சவரம்புச் சட்டம் வந்தபோது நிலத்தைத் துண்டு போட்டு மனைவி, மகன், கொழுந்தியாள் பெயர்களில் எழுதி வைத்தவர்களின் வீட்டில் எல்லாரும் சிறு விவசாயிகள். ரைஸ் மில்காரர் வீட்டில் மட்டும் இரண்டு பேர். நான் போய்ப் பார்த்தேன். பட்டா சரியாக இருந்தது. மில்லுக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டு, இவர் சிறு விவசாயிதான் என்று கையெழுத்துப் போட்டேன். காப்பி கொடுத்தார்கள். நல்ல காப்பி.

பங்குனியில் கடைசித் தேதிக்கு மூன்று நாள் இருக்கும்போது காலைப் பஸ்ஸில் என் அப்பா வந்து இறங்கினார். அவரை நான் நைனா என்றுதான் கூப்பிடுவேன். கையில் ஒரு மஞ்சள் பை. அதில் அம்மா கொடுத்த முறுக்கும் ஒரு விண்ணப்பமும் இருந்தன.

"இன்னாடா, உம் மேல மருந்து நாத்தம் அடிக்குது?" என்றார், விதை மூட்டையில் உட்கார்ந்தபடி.

"இங்க எல்லாமே அப்பிடித்தான் நைனா."

"ஒங்கம்மா இப்ப சிறு விவசாயி. தெரியுமில்ல?"

விண்ணப்பத்தைப் பார்த்தேன். அம்மாவின் பெயர். நான்கு ஏக்கர். கீழே அம்மாவின் கையெழுத்து, மளிகைக் கடைச் சீட்டில் போடுவது போலவே.

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"அவளுக்கு எதுக்கு? சமைக்கறவளப் போட்டுக் கொழப்பாத."

"நைனா, இது மலைக்காரங்களுக்குன்னு வந்த திட்டம்."

"நம்ம ஊரும் மலைதாண்டா. சர்க்காரே சொல்லுது. நீ இன்னா, சர்க்காருக்கு மேல படிச்சவனா?"

"அஞ்சாவது ஜோடிய ஒருத்தருக்குன்னு வெச்சிருக்கேன்."

"அவன் பேப்பரெல்லாம் சரியா இருக்குதா?"

"ஒரு ரேகை பாக்கி."

"ஒங்கம்மா பேப்பர்ல பாக்கி எதுவும் இல்ல." முறுக்கை எடுத்து என்னிடம் நீட்டினார். "கையெழுத்துப் போடறவன் பேப்பரைப் பாக்கணும்டா. மூஞ்சியப் பாக்கக் கூடாது."

நான் படித்திருந்த எல்லாக் கதைகளிலும் இந்த இடத்தில் கதாநாயகன் எழுந்து நிற்பான். நான் முறுக்கைத் தின்றேன். ஐந்தாவது ஜோடி முடியாவிட்டால் இன்னொரு வருஷம் இந்தக் கிடங்கில் படுக்க வேண்டும் என்ற நினைப்பு என் மனசில் இருந்தது. அதை இப்போது மறைத்து என்ன ஆகப் போகிறது? முன்னணியில் இருந்ததே அதுதான்.

அப்போதுதான் எனக்கு ஒரு யோசனை வந்தது. இதுவரை நடந்ததற்கெல்லாம் சட்டத்தையோ பென்சிலையோ குறை சொல்லலாம். இது முழுக்க என்னுடையது. ஜோடி அம்மா பெயரில் வரட்டும்; அதில் ஒரு மாடு மட்டும் உழவுக் காலத்தில் ஒற்றை மாட்டுக்காரரிடம் இருக்கட்டும். அவருடைய மாட்டோடு அது ஜோடி சேர்ந்துவிடும். நைனாவிடம் சொன்னேன்.

"சொம்மாவா?" என்றார் நைனா.

"சும்மாதான்."

"சொம்மா எப்டிரா குடுக்கறது? தை மாசம் புருசன் பொண்டாட்டி ரெண்டு பேரும் நமக்குக் கரும்பு வெட்ட வரட்டும். கூலி குடுக்கறேன், கொஞ்சம் கொறைச்சலா. மாட்டுக்கு அது ஈடு."

எனக்கு நியாயமாகத்தான் பட்டது. ஒற்றை மாட்டுக்காரரைக் கூப்பிட்டு அனுப்பினோம். நைனாவுக்கும் அவருக்கும் உடனே ஒத்துப்போய்விட்டது. இருவரும் மாடுகளைப் பற்றியே ஒரு மணி நேரம் பேசினார்கள். கடைசியில் நான் விஷயத்தைச் சொன்னேன். ரேகை வாங்கிய காகிதத்தை அவர் மடித்து இடுப்பில் செருகியிருந்தார். அதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"மாடு மழைக்கு முந்தி வந்துரும்ல?"

"வந்துரும்" என்றேன், இரண்டாம் தடவையாக. அம்மாவின் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டேன். இலக்கு முடிந்தது.

செங்கம் பக்கத்துச் சந்தையில் மாடு பிடித்தார்கள். வங்கிக்காரர், மாட்டு டாக்டர், நான், நைனா எல்லாரும் இருந்தோம். அம்மா மட்டும் இல்லை. ஒற்றை மாட்டுக்காரர் தன் மாட்டின் உயரத்தை ஒரு குச்சியில் வெட்டி அடையாளம் வைத்துக் கொண்டுவந்திருந்தார். குச்சியை வைத்துப் பார்த்து, நடக்கவிட்டுப் பார்த்து, ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். டாக்டர் அதன் காதில் எண் போட்ட தகட்டைக் குத்தினார். அது இன்ஷூரன்ஸுக்கு. அந்த எண் அம்மாவின் பெயருக்கு நேரே பதிவானது.

மேலே மாடு ஏறிய நாளில் ஊரே வந்து பார்த்தது. "மானியம் நல்லாத்தான் கீது" என்றார் கவுண்டர். ஒற்றை மாட்டுக்காரரின் மனைவி அதைத் தினமும் குளிப்பாட்டினாள். அவளுக்கு அது 'உங்கம்மா மாடு'. "உங்கம்மா மாடு தவுடு இல்லாம வாய் வெக்காது" என்று பலாமரத்திடம் புகார் சொல்வாள். புகாரில் பெருமை இருந்தது. வைகாசிக்குள் இரண்டு மாடுகளும் நுகத்தடிக்குப் பழகிவிட்டன. என் மாற்றல் உத்தரவு மட்டும் வந்தபாடில்லை.

ஆனியில் ஒரு நாள் விடிகிற நேரத்தில் முதல் நல்ல மழை பெய்தது. வெயில் வருவதற்குள் மலையெங்கும் ஏர் கட்டிவிட்டார்கள். அன்று பஸ்ஸும் அதிசயமாக வந்தது. கண்டக்டர் என்னிடம் ஒரு கவரைக் கொடுத்தார். நாளை மறுநாள் மாவட்டத்திலிருந்து அதிகாரிகள் ஆய்வுக்கு வருகிறார்கள், மானியத்தில் வாங்கிய எல்லா மாடுகளும் பயனாளிகளின் வீட்டில், காதுத் தகட்டோடு, நிற்க வேண்டும், புகைப்படம் எடுக்கப்படும்.

கவரைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அவருடைய நிலத்துக்குப் போனேன். நாலைந்து சால் ஓட்டியிருந்தார். மண் கறுப்பாகப் புரண்டு கிடந்தது. நான் வரப்பில் நிற்பதைப் பார்த்து ஏரை நிறுத்தினார். சொன்னேன்.

"எத்தினி நாளு?"

"ஒரு நாள்தான்."

"எறங்க ஒரு நாளு, நிக்க ஒரு நாளு, ஏற ஒரு நாளு" என்றார். "ஈரம் மூணு நாளுதாங்க நிக்கும்."

முடியாது என்று அவர் சொல்லியிருக்கலாம். சொன்னால் அம்மா பெயரில் போட்ட காகிதம் பொய்யாகும். என் கையெழுத்துப் பொய்யாகும். அப்புறம் மாடும் இருக்காது, என் வேலையும் இருக்காது. வானத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு அவர் நுகத்தடியைக் கழற்றினார்.

விதைக் கூடையோடு நின்றிருந்த அவர் மனைவி அன்று மரத்தைத் தேடவில்லை. நேராக என் முகத்தைப் பார்த்தாள்.

"சார், மாட்டோட ஈரத்தையும் கூட்டிக்கினு போங்க."

ஆய்வு நாளில் எங்கள் வீட்டு வாசலில் தண்ணீர் தெளித்துக் கோலம் போட்டிருந்தது. அம்மா பட்டுப்புடவையில் இருந்தாள். எதற்கு என்று நைனா இன்னும் முழுசாகச் சொல்லவில்லை. அதிகாரிகள் இரண்டு பேர் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்கள். ஒருவர் அம்மாவிடம் மரியாதையாகக் கேட்டார்:

"இது உங்க மாடுதானேம்மா?"

அம்மா மாட்டைப் பார்த்தாள். நைனாவைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "இவங்க சொன்னா சரிதாங்க" என்றாள்.

"உழவுக்கு நல்லா ஒத்துழைக்குதா?"

"அத எங்கிட்ட கேட்டா?" என்று அம்மா ஆரம்பித்தாள். நைனா பலமாக இருமினார். "நல்லா சாப்புடுதுங்க" என்று முடித்தாள்.

இன்னொருவர் தகட்டு எண்ணைப் படித்து, ஃபைலில் சரிபார்த்து, டிக் அடித்தார். பிறகு மாட்டின் பக்கத்தில் நின்றவரைப் பார்த்தார். "நீ யாருப்பா?"

"மாட்டோட வந்தேங்க."

போதுமான பதில்தான். அவர் தலையாட்டிவிட்டு அடுத்த எண்ணுக்குப் போனார். புகைப்படக்காரர் அம்மாவை மாட்டின் அருகே நிற்கச் சொன்னார். ஒற்றை மாட்டுக்காரரைத் தள்ளி நிற்கச் சொன்னார். அவர் கயிற்றை விட்டால் மாடு மிரண்டது. கடைசியில் கயிற்றைப் பிடித்தபடியே படத்துக்கு வெளியே நகர்ந்து நின்றார்.

அவர் மேலே போய்ச் சேர்ந்தபோது மண் இறுகிவிட்டிருந்தது. அடுத்த மழை ஆடி போய் ஆவணியில்தான் பெய்தது. சாமைக்குக் காலம் போய்விட்டது, கொள்ளு விதைத்தார். எனக்கு அந்த ஆவணியில் மாற்றல் உத்தரவு வந்தது. இலக்கை முழுமையாக எட்டியதற்குப் பாராட்டும் அதோடு சேர்ந்து வந்தது. சொன்ன சொல் தவறாமல் என்னைக் கீழே இறக்கிவிட்டார் மேலதிகாரி.

தை மாதம் புருஷனும் பெண்டாட்டியும் எங்கள் தோட்டத்துக்குக் கரும்பு வெட்ட வந்தார்கள். மாட்டையும் ஓட்டிக்கொண்டு வந்தார்கள். அவருடைய சொந்த மாட்டைப் பங்காளி வீட்டில் விட்டிருந்தார்; சர்க்கார் தகடு குத்திய மாட்டுக்குப் பொறுப்பேற்க மேலே ஆளில்லை. அது எங்கள் தொழுவத்தில் தன் ஜோடியோடு கட்டப்பட்டது. மறுநாளே நைனா இரண்டையும் வண்டியில் பூட்டி, சர்க்கரை மில்லுக்குக் கரும்பு ஏற்றி அனுப்ப ஆரம்பித்தார்.

மாசியில் ஒரு மத்தியானம் நான் லீவில் வீட்டில் இருந்தேன். ஒற்றை மாட்டுக்காரர் குடிதண்ணீருக்காகப் பின்கட்டுக்கு வந்தார். கூடத்துச் சுவரில் அந்தப் படத்தை நைனா கண்ணாடி போட்டு மாட்டியிருந்தார். ஏதோ ஆண்டறிக்கையில் அச்சானதாம். பட்டுப்புடவையில் அம்மா, பக்கத்தில் மாடு, ஓரத்தில் கயிற்றைப் பிடித்த ஒரு கை.

"இங்க பாருப்பா, ஒங் கை" என்று அம்மா அவரைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

அவர் வாசற்படிக்கு வெளியே நின்றே எட்டிப் பார்த்தார். கரும்புச் சோகை கிழித்த கைகளைத் துண்டில் துடைத்துக்கொண்டார். "படத்துல மாடு நல்லா வுழுந்துக்கீதுங்க" என்றார்.

பிறகு என் பக்கம் திரும்பினார். "சார், சித்திரையில மாட்டைக் கூட்டிக்கினு போவலாம்ல? இந்த வருசமாவது மொத மழைக்கு..." என்று நிறுத்தினார்.

நைனா உள்ளே படுத்திருந்தார். போய் எழுப்பிக் கேட்டேன். அவர் கண்ணைத் திறக்கவில்லை. "மில்லு மூடட்டும்டா" என்றார்.

வெளியே வந்தேன். அவர் அதே இடத்தில் நின்றிருந்தார். அம்மா சொம்பில் கொடுத்த தண்ணீரை இன்னும் குடிக்கவில்லை.

"மில்லு மூடினதும் கூட்டிட்டுப் போலாமாம்" என்றேன்.

"மில்லு எப்பங்க மூடும்?"

எனக்குத் தெரியும். வைகாசி முடியும், சில வருஷம் ஆனிகூட ஆகும்.

"சீக்கிரம்" என்றேன்.